ஒரே லொறிக்குக் காத்திருக்கும் கரை

(திருகோணமலையில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு விமானங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எங்கள் ஊருக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலருக்குத் தோன்றலாம். கொழும்புக்கு இரவு ரயில் இருக்கிறது. ஹபரணை, தம்புள்ளை வழியாக பஸ் இருக்கிறது. வெளிநாடு போவதென்றால் ஒரு வான் பிடித்துக்கொண்டு, பின்னேரமே புறப்பட்டு, கட்டுநாயக்கவில் போய் விடிய விடியக் குந்தியிருக்கிறோம். அப்படித்தான் பிள்ளைகளை அனுப்பினோம். அப்படித்தான் அவர்களைப் போய்க் கூட்டிவந்தோம். விமானம் என்பது எங்கோ ஓரிடத்தில் ஏறுவது என்றே பழகிப் போய்விட்டோம்.

ஆனால் ஓடுபாதை எங்கள் வாசலிலேயே கிடக்கிறது! சீனக்குடாவைத் தாண்டிப் போகிறவர் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறீர்கள். பிரித்தானிய விமானப்படை போட்ட தளம் அது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இந்த ஊரைக் குண்டுபோட்டுத் தாக்கியபோது, அவற்றை எதிர்க்க ஆங்கிலேயரின் போர்விமானங்கள் எழும்பியது அந்தத் தளத்திலிருந்துதான். இன்றைக்கு இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி அங்கே இருக்கிறது. உல்லாசப் பயணிகளுக்காகச் சினமன் எயார் போன்ற நிறுவனங்களின் சின்னஞ்சிறு விமானங்கள் அங்கே வந்து போயிருக்கின்றன. எட்டுப் பேரளவில் ஏறக்கூடிய விமானங்கள் அவை.

2023 ஜூலை 21ஆம் திகதி இந்தியாவும் இலங்கையும் ஒரு கூட்டு அறிக்கை வெளியிட்டன. யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் விமானம் ஓடுவதுபோல, சென்னையிலிருந்து திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் விட முடியுமா என்று ஆராய்வோம் என்று அதிலே எழுதியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஊரெல்லாம் இதுதான் பேச்சு. எப்போது வரும்? எந்தக் கம்பனி வரும்? டிக்கெட் என்ன விலை?

நல்ல கேள்விகள். நானும் கேட்கிறேன். ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதை எவரும் கேட்கக் காணோம். வந்த கம்பனி போய்விட்டால்?

சின்ன ஊர்களின் விமான நிலையங்கள் ஒரேயொரு மலிவுக்கட்டண விமானக் கம்பனியை நம்பிப் பிழைக்கும்போது அந்த ஊர்களுக்கு என்ன நடக்கிறது? இன்றைக்கு என் பேச்சின் பொருள் அதுதான்.

முதலில் எங்கள் கடற்கரைக்கு வாருங்கள். கரைவலை இழுக்கிற ஒரு கரையை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை வலை வளைக்கிறார்கள். முப்பது நாற்பது பேர் கயிறு பிடித்து இழுக்கிறார்கள். மடி கரைக்கு வருகிறது. சூடையும் கீரியும் பாரையும் துள்ளுகின்றன. அந்தக் கரைக்கு நாலு வியாபாரிகள் வந்தால் என்ன நடக்கும்? ஏலம் நடக்கும். ஒருவன் ஒரு விலை சொல்ல மற்றவன் ஏற்றுவான். அதே கரைக்கு ஒரேயொரு வியாபாரிதான் வருகிறான், ஒரேயொரு ஐஸ் லொறிதான் வருகிறது என்றால்? ஏலமும் இல்லை, விலையும் இல்லை. அவன் சொன்னதுதான் கணக்கு. அவன் முன்காசும் தந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஒருநாள் அவனுடைய லொறி வரவில்லையென்றால், அவ்வளவு மீனும் மணலிலேதான் கிடக்கும்.

அந்த வியாபாரி கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. அவன் வந்தபடியால்தான் அந்தக் கரையில் அடுப்பு எரிந்தது. அவன் தன் தொழிலைச் செய்கிறான். கரைதான் தன் தொழிலைச் செய்யவில்லை. இன்னொரு லொறிக்கு வழி வைக்காமல் இருந்துவிட்டது.

விமான நிலையமும் அப்படித்தான். ஒரு சின்ன ஊர் விமான நிலையத்துக்குச் செலவு எப்போதும் ஒன்றுதான். ஒரு விமானம் வந்தாலும் தீயணைப்பு வண்டி நிற்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆள் இருக்க வேண்டும். குடிவரவு, சுங்கம், பாதுகாப்பு, ஓடுபாதை விளக்கு, மின்சாரம், எல்லாம் வேண்டும். பத்து விமானம் வந்தாலும் ஏறத்தாழ அதே ஏற்பாடுதான். ஆகவே முதலாவது விமானத்தைக் கொண்டுவர அந்த ஊர் தவியாய்த் தவிக்கிறது.

மலிவுக்கட்டணக் கம்பனிக்கு அது தெரியும். தரையிறங்கும் கட்டணத்தைக் குறை என்கிறது. பயணி ஒருவருக்கு இவ்வளவு என்று விளம்பரக் காசு தா என்கிறது. ஊர் கொடுக்கிறது. ஏன் கொடுக்காது? பயணி வந்தால் கடையில் தேநீர் குடிப்பான், ஓட்டோ பிடிப்பான், ஹோட்டலில் தங்குவான். இந்தக் கணக்கு பிழையான கணக்கு அல்ல. பல ஊர்கள் இதனால் நிமிர்ந்திருக்கின்றன.

பிழை எங்கே வருகிறதென்றால், அந்தக் கம்பனி மட்டும் வளர்ந்து, மற்றவர்கள் ஒதுங்கி, நிலையத்தின் முக்கால்வாசிப் போக்குவரத்தும் அதன் கையில் போனபிறகு வருகிறது. விமானத்துக்குச் சில்லு இருக்கிறது ஐயா, இறக்கையும் இருக்கிறது. இன்றைக்கு இங்கே நிற்கும், நாளைக்கு வேறு ஊரில் நிற்கும். ஓடுபாதையால் அப்படி எழும்பிப் போக முடியுமா? பேரம் பேசும் மேசையில் ஒரு பக்கத்தவர் எந்த நேரமும் எழும்பிப் போகலாம், மற்றப் பக்கத்தவரின் கால் நிலத்தோடு கட்டியிருக்கிறது. இந்தப் பேரத்தில் யார் வெல்வார்?

உலகத்தில் இது எப்படி நடந்தது என்று பாருங்கள். ஸ்பெயினில் ஜிரோனா என்று ஒரு பழைய நகரம். பார்சலோனாவிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர். அழகான ஊர், அமைதியான சின்ன விமான நிலையம். 2002ஆம் ஆண்டு அங்கே ஆண்டுக்கு ஐந்தாறு இலட்சம் பயணிகள்தான். பிறகு ரயன்எயார் வந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய மலிவுக்கட்டணக் கம்பனி அது. பார்சலோனாவுக்கு மலிவான வாசல் என்று சொல்லி ஜிரோனாவுக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. 2008இல் அந்தச் சின்ன நிலையத்தில் 55 இலட்சம் பயணிகள்! ஆறே ஆண்டில் பத்து மடங்கு. ஊரில் புது ஹோட்டல், புது பஸ், புது வேலை. யார்தான் மகிழ மாட்டார்கள்?

2010இல் ரயன்எயார் பார்சலோனாவின் பெரிய விமான நிலையத்துக்கே பறக்கத் தொடங்கியது. வாசல் எதற்கு, வீட்டுக்குள்ளேயே போகலாமே! ஜிரோனாவில் உதவிப் பணத்தைப் பற்றி இழுபறி வந்தது. கம்பனி விமானங்களைக் குறைத்தது. 2016இல் அந்த நிலையத்தில் எத்தனை பயணிகள் தெரியுமா? 17 இலட்சத்துக்கும் குறைவு. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கரைந்து போனது. அந்த எட்டு ஆண்டில் ஜிரோனாவில் யுத்தம் வரவில்லை. சுனாமி வரவில்லை. ஒரு கம்பனி தன் அட்டவணையை மாற்றியது, அவ்வளவுதான்.

ஜேர்மனிக்கு வாருங்கள். ஹான் என்று ஓர் ஊர். அதன் கதை சீனக்குடாவுக்கு மிக நெருங்கிய கதை, ஏனென்றால் அதுவும் முதலில் ஒரு விமானப்படைத் தளம். அமெரிக்கர் வைத்திருந்து 1993இல் விட்டுப் போனார்கள். அந்த மாநில அரசு அதைப் பொது விமான நிலையமாக்கியது. அங்கேயும் 1999இல் ரயன்எயார் வந்தது. 2007இல் ஆண்டுக்கு 40 இலட்சம் பயணிகள் வரை போனார்கள். ஃபிராங்ஃபர்ட் நகரத்துக்கு நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிற காட்டுக்குள், ஃபிராங்ஃபர்ட் ஹான் என்று பெயர்ப்பலகை. 2017இல் அதே கம்பனி ஃபிராங்ஃபர்ட்டின் பெரிய நிலையத்துக்கே பறக்க ஆரம்பித்தது. ஹான் மெலிந்தது. 2021 ஒக்டோபரில் அந்த விமான நிலையத்தை நடத்திய நிறுவனம் வங்குரோத்து என்று நீதிமன்றத்துக்குப் போனது.

இங்கிலாந்தில் சௌதாம்ப்டனைச் சொல்லாமல் விட முடியாது. எங்களைப்போலத் துறைமுக நகரம். அங்கே ஃபிளைபி என்ற கம்பனி பத்து விமானத்தில் ஒன்பதுக்கு மேல் ஓட்டியது. 2020 மார்ச் 5ஆம் திகதி அதிகாலையில் ஃபிளைபி மூடப்பட்டது. இரவு படுக்கும்போது விமான நிலையமாக இருந்தது, விடியும்போது வெறும் கட்டடம். ஜிரோனாவில் கம்பனி மனம் மாறியது. சௌதாம்ப்டனில் கம்பனியே செத்துப்போனது. எப்படி நடந்தாலும் ஊருக்கு வந்த முடிவு ஒன்றுதானே?

ஐரோப்பா தூரம், எங்களுக்கு அது பொருந்தாது என்று யாரும் சொல்லலாம். சரி, பாக்குநீரிணையைத் தாண்டி அக்கரைக்குப் போவோம்.

இந்தியாவில் 2017இல் உடான் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். சின்ன ஊர்களை விமானத்தால் இணைப்பது. நல்ல நோக்கம், மனதாரப் பாராட்டுகிறேன். விமானக் கம்பனிக்கு அரசு மூன்று ஆண்டுக்குப் பணம் கொடுத்து நட்டத்தை ஈடுசெய்யும், அந்தத் தடத்தை வேறெவருக்கும் கொடுக்காது. மூன்று ஆண்டில் கம்பனி காலூன்றி நின்றுவிடும் என்பது எதிர்பார்ப்பு. 2023இல் அந்நாட்டின் கணக்காய்வாளர் எண்ணிப் பார்த்தார். எடுத்துக்கொண்ட 774 தடங்களில் 403 தொடங்கவேயில்லை. தொடங்கிய 371இல் மூன்று ஆண்டு முழுதாக ஓடியவை 112. அதற்குப் பிறகும், 2023 மார்ச் மாதம் வரை, நின்று பிடித்தவை 54. தயவுசெய்து இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 774 தடங்களில் 54.

சேலத்தில் உள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2018 மார்ச்சில் சென்னைக்கும் சேலத்துக்கும் ட்ரூஜெட் என்ற கம்பனி விமானம் விட்டது. 2021இல் நின்றது. அடுத்த விமானம் வந்தது 2023 ஒக்டோபரில். இரண்டு ஆண்டுக்கு மேலாகச் சேலத்து ஓடுபாதையில் பயணிகள் விமானம் இல்லை. புதுச்சேரியில் ஸ்பைஸ்ஜெட் 2024 மார்ச்சோடு நிறுத்தியது, இன்டிகோ வந்தது அந்த ஆண்டு டிசெம்பர் 20ஆம் திகதி. இடையில் ஒன்பது மாதம். கட்டடம் இருந்தது, ஊழியர் இருந்தார்கள். விமானம் மட்டும்தான் இல்லை.

2025 டிசெம்பர் முதல் வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். டித்வா புயல் நாட்டை உலுப்பிவிட்டுப் போன கையோடு, வீதியும் ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்து கிடந்த நேரம் அது. அதே வாரத்தில் இந்தியாவில் இன்டிகோவின் விமானங்கள் நிற்கத் தொடங்கின. விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற புது விதிக்குக் கம்பனி தயாராக இருக்கவில்லை. டிசெம்பர் 5ஆம் திகதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் இரத்து. இந்திய உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்களை ஏற்றுகிற கம்பனி தடுமாறினால் மற்றக் கம்பனிகளில் எத்தனை பேருக்கு இடம் கிடைக்கும்? மற்றவற்றின் டிக்கெட் விலை வானத்துக்கு ஏறியது, அரசே தலையிட்டு உச்சவரம்பு வைத்தது. விமானிகளின் ஓய்வு விதியையும் கம்பனிக்காகத் தற்காலிகமாகத் தளர்த்தியது. இதைக் கவனியுங்கள். கம்பனி பெரிதாகப் பெரிதாக, அரசாங்கமே அதற்குக் குனிய வேண்டி வந்துவிடுகிறது. இந்தியாவுக்கே அந்த நிலை என்றால் திருகோணமலை மாவட்டம் எந்த மூலைக்கு?

எங்கள் வீட்டிலும் ஒரு அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காவும் அத்தானும் ஒரு கலியாணத்துக்குப் போகப் புறப்பட்டு, ஒரு சின்ன விமான நிலையத்தில் காத்திருந்தார்கள். எந்த ஊர், எந்தக் கம்பனி என்பது இங்கே வேண்டாம். விமானம் இரத்து என்றார்கள். அடுத்தது எப்போது என்று கேட்டால், மூன்று நாள் கழித்து. வேறு கம்பனியில் போகலாமா என்றால், இங்கே வேறு கம்பனி இல்லை அம்மா என்று அங்கே நின்ற பிள்ளை சொன்னாளாம். அவள் மேல் என்ன பிழை? கட்டிய பட்டுச் சேலையோடு அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்தா. தாலி கட்டும் நேரத்தைத் தொலைபேசியில்தான் பார்த்தா. காசைத் திருப்பித் தந்தார்கள். கலியாணத்தைத் திருப்பித் தர முடியுமா?

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். அம்பாந்தோட்டையின் மத்தள விமான நிலையத்தைத் தெரியாதவர் இங்கே இல்லை. 2013 மார்ச் 18ஆம் திகதி திறந்தார்கள். 20 கோடி டொலருக்கு மேல் செலவு, அதில் பெரும்பங்கு சீனக் கடன். 3,500 மீற்றர் ஓடுபாதை. ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகளை ஏற்றி இறக்கும் வசதி. கண்ணாடிச் சுவரும் குளிரூட்டிய மண்டபமும். எல்லாம் இருந்தது. என்ன இல்லை? தானாக வர விரும்பும் கம்பனி இல்லை.

அதனால் அரசாங்கத்தின் சொந்தக் கம்பனியான ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸை அங்கே போகச் சொன்னார்கள். அது போனது. அரசாங்கம் மாறியது. 2015 ஜனவரியில், ஆட்சி மாறிச் சில நாட்களிலேயே, ஸ்ரீலங்கன் மத்தளவை விட்டு வெளியேறியது. மிஞ்சியது ஃபிளைதுபாய் என்ற மலிவுக்கட்டணக் கம்பனி. ஒரேயொரு கம்பனி, அவ்வளவு பெரிய மண்டபத்துக்கு. சரக்கு மண்டபத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். 2018 ஜூனில் ஃபிளைதுபாயும் நிறுத்தியது. வழமையான சேவை என்று சொல்ல அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. கடன் மட்டும் அட்டவணைப்படி தவறாமல் வந்துகொண்டிருந்தது. அதை அம்பாந்தோட்டை மக்கள் மட்டும் கட்டவில்லை. மூதூரில் உப்பு வாங்குகிறவரும் கட்டினார், கிண்ணியாவில் சீனி வாங்குகிறவரும் கட்டினார்.

மத்தளவைப் பார்த்து நாங்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அங்கே ஆளில்லாத இடத்தில் கட்டினார்கள், எங்களுக்கு அப்படி வராது என்கிறோம். சரி. பலாலியைப் பார்ப்போமா? அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், உறவு இருக்கிறது, தேவை இருக்கிறது.

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறந்தபோது எத்தனை பேர் கண்கலங்கினார்கள்! நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து வாரம் மூன்று நாள் வந்தது. நாலு மாதம்தான். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நின்றது. அதற்கு எவரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் கட்டுநாயக்க 2021 ஜனவரியில் உல்லாசப் பயணிகளுக்குத் திறந்துவிட்டது. பலாலிக்கு அடுத்த விமானம் வந்தது 2022 டிசெம்பர் 12ஆம் திகதி. ஏறத்தாழ இரண்டு ஆண்டு வித்தியாசம். காரணங்கள் பல, அரசியலும் உண்டு, பொருளாதார நெருக்கடியும் உண்டு. ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். நாலு கம்பனிகள் பலாலிக்கு வந்துகொண்டிருந்திருந்தால், நாலு பேரும் கதவைத் தட்டியிருக்க மாட்டார்களா? தட்ட ஆளில்லாத கதவுதான் நெடுநாள் பூட்டிக் கிடக்கிறது.

பிறகு 2024 செப்டெம்பர் 1ஆம் திகதி இன்டிகோ சென்னையிலிருந்து வந்தது. 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் விட்டது. யாழ்ப்பாணத்து மக்களுக்கு இது பெரிய உதவி. அதை நான் ஒருபோதும் சிறுமைப்படுத்த மாட்டேன். திருச்சியில் வைத்தியம் பார்க்கப் போகிறவர், பிள்ளையைப் படிக்க விட்டவர், அறுபடை வீடு பார்க்க ஆசைப்பட்ட கிழவி, எல்லோருக்கும் ஒரு மணித்தியாலப் பயணமாகி விட்டது.

ஆனால் பலாலிக்கு ஏன் இரண்டொரு கம்பனிகள் மட்டும் வருகின்றன? இங்கேதான் எங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. பலாலியில் பயன்படுத்தும் ஓடுபாதை ஏறத்தாழ 1,400 மீற்றர்தான். அதிலே இறங்கக்கூடியது எழுபது, எண்பது பேர் ஏறும் காற்றாடி விமானம். அந்த வகை விமானம் வைத்திருக்கும் கம்பனிகளை இந்தப் பக்கத்தில் விரல்விட்டு எண்ணலாம். ஓடுபாதை குறுகினால் வருகிற கம்பனிகளின் எண்ணிக்கையும் குறுகுகிறது. கட்டும்போதே ஒற்றைக் கம்பனிக்கு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது.

சீனக்குடாவுக்கு அந்தக் குறை இல்லை! அங்கே இரண்டு கிலோமீற்றருக்கும் கூடுதலான ஓடுபாதை இருக்கிறது. நீளத்தைப் பொறுத்தவரை நடுத்தர ஜெட் விமானமும் யோசிக்கக்கூடிய இடம். இது எங்கள் கையில் இருக்கிற சொத்து. இந்தச் சொத்தை வைத்துக்கொண்டு ஒரே லொறிக்குக் காத்திருப்பதா, ஏலம் போடுவதா? அது எங்கள் கையில்.

இங்கே வயதில் மூத்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு 1957 நினைவிருக்கும், அல்லது உங்கள் தகப்பன்மார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இந்த ஊர் ஒருகாலம் யாரை நம்பி இருந்தது? பிரித்தானியக் கடற்படையை. டொக்யாட்டில் வேலை, கப்பலுக்குச் சாமான் கொடுக்கிற வேலை, தையல்காரனுக்கு வேலை, வெதுப்பகத்துக்கு வேலை, உடுப்பு வெளுக்கிறவருக்கு வேலை. ஊருக்கு ஒரே முதலாளி. 1957 ஒக்டோபரில் அந்த முதலாளி கொடியை இறக்கிவிட்டுக் கப்பல் ஏறினான். நாட்டின் மானத்துக்கு அது நல்ல நாள், தளம் எங்களிடமே வந்தது. ஆனால் அந்த ஒரு முதலாளியையே நம்பியிருந்த வீடுகளுக்கு மறுநாள் விடிந்தது எப்படி? துறைமுகம் இருந்த இடத்திலேயே இருந்தது. உலகத்தின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்ற பெயரும் இருந்தது. கப்பல்தான் இல்லை.

இந்த ஊருக்கு இது புதுப் பாடமல்ல என்று சொல்லத்தான் அதை நினைவூட்டினேன். நாங்கள் ஒருமுறை படித்தவர்கள். இரண்டாம் முறையும் அதே வகுப்பில் உட்கார வேண்டுமா?

அப்படியானால் மலிவுக்கட்டண விமானம் வேண்டாம் என்கிறேனா? இல்லை! ஆயிரம் தடவை இல்லை! வரட்டும். முதலாவதாக வருகிறவருக்கு மாலை போட நானே போவேன். திருக்கோணேஸ்வரத்தைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு குடும்பம் காலையில் புறப்பட்டு மத்தியானப் பூசைக்கு வந்து நின்றால் அதைவிட மகிழ்ச்சி எனக்கு என்ன? நிலாவெளியில் அறை வாடகைக்கு விடுகிற தம்பிக்கும், புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிறவருக்கும், கன்னியா வெந்நீரூற்று வாசலில் கச்சான் விற்கிற அக்காவுக்கும் அதிலே பங்கு இருக்கிறது.

வரட்டும். ஆனால் எந்த நிபந்தனையோடு வருவது? கட்டணச் சலுகை கொடுப்பதென்றால், அதை ஒரு கம்பனிக்குக் காதோடு கொடுக்காமல், எந்தக் கம்பனி வந்தாலும் கிடைக்கிறமாதிரி ஊரறிய எழுதி வைக்க வேண்டும். இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பெல்ஜியத்தின் ஷார்லருவா விமான நிலையம் ரயன்எயாருக்குக் கொடுத்த சலுகைகள் சரியா என்று ஐரோப்பிய ஆணையம் விசாரித்து, 2004இல் ஒரு பகுதி பிழை என்றது. கம்பனி வழக்காடி 2008இல் அந்த முடிவை முறித்தது. பத்து ஆண்டு இழுபட்ட பிறகு, 2014இல் ஆணையம் தெளிவாக ஒரு விதி எழுதியது. சின்ன விமான நிலையத்திலிருந்து புதுத் தடம் தொடங்கும் கம்பனிக்கு நிலையக் கட்டணத்தில் பாதி வரைக்கும், மூன்று ஆண்டு வரைக்கும்தான் உதவி. அதற்குப் பிறகு சொந்தக் காலில் நில். அவர்கள் அடிபட்டு எழுதியதை நாங்கள் அடிபடாமலே எடுத்துக்கொள்ளலாமே?

போகிறவர் எப்படிப் போக வேண்டும் என்பதையும் வருகிற நாளிலேயே எழுத வேண்டும். சலுகை வாங்கிய கம்பனி நிறுத்துவதானால் இத்தனை மாதத்துக்கு முன் அறிவிக்க வேண்டும், இடையில் விட்டுப்போனால் வாங்கிய சலுகையில் இவ்வளவு திரும்ப வர வேண்டும். கலியாணம் பேசும்போதே சீதனத்தை எழுதுகிற ஆட்கள் நாங்கள். இதை எழுத ஏன் கூச்சப்பட வேண்டும்?

எனக்கு இன்னும் பெரிய கவலை பருவத்தைப் பற்றியது. எங்கள் கடல் சித்திரை வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் கண்ணாடி. கொண்டல் தொடங்கிவிட்டால், மழை பிடித்துவிட்டால், ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் உப்புவெளியில் பாதிக் கடைக்குப் பூட்டு. தெற்கிலும் மேற்கிலும் சீசன் இதற்கு நேர்மாறு. வெறும் கடற்கரையை நம்பி வருகிற கம்பனி ஐந்து மாதம் பறந்துவிட்டுத் தெற்கே போய்விடும். அடுத்த வைகாசியில் திரும்பி வருமா என்று யாருக்குத் தெரியும்? ஆண்டு முழுவதும் ஆள் இருந்தால்தான் இரண்டாவது கம்பனி எட்டிப் பார்க்கும். அந்த ஆள் யார்? வைத்தியத்துக்குப் போகிறவர், படிக்கப் போகிற பிள்ளை, கோயிலுக்கு வருகிறவர், கனடாவிலும் இலண்டனிலும் இருந்து சென்னை வழியாக ஊருக்கு வருகிற எங்கள் பிள்ளைகள், குளிரூட்டிய பெட்டியில் அன்றன்றைக்கே போகக்கூடிய எங்கள் நண்டும் இறாலும். மழைக்காலத்திலும் பறக்கிற பயணி இவர்கள்தான். விமான நிலையம் கேட்கிறவர்கள் ஓடுபாதையை மட்டும் பார்க்காமல், மார்கழி மாதத்தில் விமானத்தில் யார் ஏறுவார் என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டும். பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகளே, இது உங்கள் கைக்கு ஏற்ற வேலை.

இரவு ரயிலையும் மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விமானம் வருகிறது என்றவுடன் ரயிலையும் வீதியையும் கவனிக்காமல் விடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. விமானம் நிற்கிற நாளில் எங்களைத் தாங்குவது அந்த ரயில்தான். தம்பலகாமத்து விவசாயியும் கந்தளாய்க் கூலியாளும் அன்றைக்கும் இன்றைக்கும் ஏறுவதும் அதிலேதான்.

சபையோரே, ஒரு நாள் இந்த ஊருக்கு ஒரு கம்பனியின் ஆட்கள் வருவார்கள். கச்சேரியில் கூட்டம் நடக்கும். படம் போட்டுக் காட்டுவார்கள், முதல் டிக்கெட்டின் விலையைச் சொல்வார்கள், கைதட்டு எழும்பும். நானும் கைதட்டுவேன். கைதட்டி முடிந்தவுடன், தமிழரோ முஸ்லிமோ சிங்களவரோ, இந்த மாவட்டத்து ஆள் ஒருவர் எழும்பி, இரண்டாவது கம்பனிக்கு எந்த நேரத்தை ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். ஒப்பந்தத்தை மும்மொழியிலும் அச்சடித்துத் தாருங்கள் என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை உட்காரக் கூடாது.

அந்த ஆள் இந்த மண்டபத்திலிருந்தே எழும்ப வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.